நோய் உள்ளே வரக் கூடாது

தங்கத் தவளை செத்துப் போனால் எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்ல வேண்டும் என்று பெலார்மினோ ஒவாயேவுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கஷ்டமெல்லாம் அங்கேதான் தொடங்கியது. தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

அல்தோ பெர்தீஸ் என்ற மலைக் கிராமத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் அவர். வாரத்துக்கு இரண்டு நாள் மேலோடை வரை ஏறி, குழாய் வாயை மூடியிருக்கும் சல்லடையில் அடைத்த இலைதழைகளை அள்ளிப் போடுவார். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. ஓடைக் கற்களின் மேல் மஞ்சள் மஞ்சளாக உட்கார்ந்திருக்கும் தவளைகளை அவர் கூட வேலை பார்க்கிறவர்களாகவே நினைத்திருந்தார். தண்ணீர் இரைச்சலில் குரல் எடுபடாது என்று அந்த இனத் தவளைகள் ஒரு கையைத் தூக்கி ஆட்டும். பெலார்மினோவும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுத்தான் சல்லடையில் கை வைப்பார்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை சல்லடையில் இலைகளோடு நாலு தவளைகள் செத்துக் கிடந்தன. இன்னும் மூன்று, பட்டப்பகலில், கரையோரப் பாறையில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தொட்டால் நகரவில்லை. தோல் ஈரக் காகிதம் மாதிரி உரிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. மூன்றில் ஒன்று அவர் உள்ளங்கையிலேயே செத்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் மற்ற இரண்டும் போய்விட்டன.

"ஆபீசுல போய்ச் சொல்லு மினோ" என்றாள் அவர் மனைவி தெயானிரா. "அதுங்களுக்குன்னே ஒரு ஆபீசு கட்டி வச்சிருக்கானுங்க. வருஷா வருஷம் ஊர்வலம் விடறானுங்கல்ல? சாவுக்கும் வரட்டும்."

ஏழு உடல்களையும் ஒரு வெண்ணெய் டப்பாவில் போட்டுக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.

தேசியத் தங்கத் தவளைப் பாதுகாப்பு ஆணையத்தின் மாகாண அலுவலகம் ஒரு சிமெண்டுத் தவளை. இரண்டு மாடி உயரம். அதன் வாய் வழியாக உள்ளே போக வேண்டும். வெளியே வருகிற வழியை எங்கே வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கட்டடக் கலைஞருக்கு அதற்காகத் தனிப் பரிசு கொடுத்திருந்தார்கள்.

வரவேற்பு மேசையில் இருந்த நெரெய்தா அம்மாள் சட்டையில் தங்கத் தவளை ஊசி குத்தியிருந்தாள். டப்பாவைத் திறந்து பார்த்தவள் உடனே மூடினாள்.

"எப்படிச் செத்துச்சு? படிவத்துல மூணு கட்டம்தான் இருக்கு. வண்டி ஏறிச் செத்ததா, வேட்டையில செத்ததா, திருடறப்போ செத்ததா?"

"நோய் வந்து செத்ததுங்கம்மா."

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"கீழ எழுதிக்கலாமுங்களே."

"கீழ எழுதினா கம்ப்யூட்டர் வாங்காது. நீங்க வண்டி ஏத்தினீங்களா?"

"எங்கிட்ட வண்டியே இல்லீங்க."

"அப்போ வேட்டை" என்று அவள் ஒரு கட்டத்தில் டிக் அடித்தாள். அடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வேட்டை என்றால் வேட்டைக்காரன் வேண்டும். டப்பா யார் கையில் இருக்கிறது? அவள் பெலார்மினோவை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. பதினோரு வருஷ சர்வீசில் குற்றவாளி தானாக நடந்து வந்தது இதுதான் முதல் தடவை.

தேசியச் சின்னத்தைச் செத்த நிலையில் கையில் வைத்திருந்த குற்றத்துக்கு அவருக்கு ஏழு மணி நேர விழிப்புணர்வு வகுப்பு விதித்தார்கள். ஒரு தவளைக்கு ஒரு மணி நேரம். வெண்ணெய் டப்பாவுக்கு அரக்கு முத்திரை வைத்து, சாட்சியப் பொருள் என்று சீட்டு ஒட்டி, அலமாரி மேல் வைத்தார்கள். மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் அந்த மாடியில் இருந்த அத்தனை பேரும் மருத்துவ விடுப்பில் போனார்கள். அந்த அலுவலகம் தவளை நோயால் பாதிக்கப்பட்டதாகக் கோப்பில் ஏறிய ஒரே சம்பவம் அதுதான்.

வகுப்பு எடுத்தவன் தவளை வேஷம் போட்டிருந்தான். துணித் தலைக்குள்ளிருந்து அவன் குரல் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி வந்தது. தங்கத் தவளை மரத்தில் வாழ்கிறது, மழை வந்தால் பாடுகிறது, நாட்டை நேசிக்கிறது என்று படம் காட்டிப் பாடம் நடத்தினான். படத்தில் இருந்தது வேறு ஏதோ நாட்டுப் பச்சைத் தவளை.

பெலார்மினோ கையைத் தூக்கினார். "தம்பி, அது மரத்துல ஏறாதுப்பா. ஓடைக்கல்லு மேலதான் இருக்கும். நான் வாராவாரம் பாக்கறவன்."

வகுப்பு எட்டு மணி நேரமாகக் கூட்டப்பட்டது.

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தார். முப்பது வயதிருக்கும் ஒரு பெண், முட்டிவரை சேறு. அங்கே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த இன்னொரு குற்றவாளி அவள்தான். பேர் யாரிசேல் கெரெல். பல்கலைக்கழகத்தில் தவளை நோய்களைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். நோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தவளையின் வயிற்றைப் பஞ்சுக் குச்சியால் தடவினாளாம். சின்னத்தின் மானத்துக்குப் பங்கம் விளைவித்ததாக வழக்கு.

இடைவேளையில் காப்பியும் எண்ணெய் வழியும் பொரித்த ரொட்டியும் கொடுத்தார்கள். அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அது ஒரு பூஞ்சை, பெலார்மினோ ஐயா. தண்ணியில நீந்தி வரும். தோலுக்குள்ள போய் உக்காந்துக்கும். தவளை மூச்சு விடறது, தண்ணி குடிக்கறது எல்லாம் தோல் வழியாத்தானே? தோலை அடைச்சா நெஞ்சு நின்னுடும். மேற்கே இருந்து ஒவ்வொரு மலையா வந்துக்கிட்டிருக்கு. சேறு ஒட்டின ஒரு பூட்ஸ் போதும், ஒரு ஓடையவே காலி பண்ண."

"மருந்து இல்லியா?"

"காட்டுக்கே மருந்து போட முடியாது. நோய் வராத ஓடையிலேருந்து கொஞ்சத்தை முன்கூட்டியே எடுத்துக் கண்ணாடித் தொட்டியில வச்சு வளக்கலாம். அதுக்கு இங்க இயக்குநர் அனுமதி வேணும். உங்க பக்கம் இன்னும் நல்லா இருக்கற ஓடை ஏதாவது உண்டா?"

இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கோச்சா ஓடை. அங்கே போன வாரம்கூடத் தவளைகள் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்தார். யாரிசேலின் கண் கலங்கியது. "இயக்குநர்கிட்டப் போகலாம். ஆனா ஓடை பேரை மட்டும் நீங்களா சொல்லிடாதீங்க" என்றாள்.

இயக்குநர் இஞ்சினியர் எவெரால்தோ லாஸ்த்ரா ரோடு போட்டுப் பெயர் வாங்கியவர். அவர் போட்ட ரோடுகளை மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனதும், அரசாங்கம் அவரைத் தண்ணீர் சம்பந்தமான வேலைக்கு மாற்றியது. மேசையில் தங்கத் தவளைப் பேப்பர் வெயிட், தங்கத் தவளைப் பேனா, தங்கத் தவளைச் சாக்லேட். அவர் ஒரு சாக்லேட்டின் தலையைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"நோயா? டாக்டரம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. தவளை யாரு? தேசியச் சின்னம். சின்னத்துக்கு நோய்னா தேசத்துக்கு நோய். தேசத்துக்கு நோய்னு நான் கையெழுத்துப் போடவா? பதினோரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு தவளைகூட எங்கிட்ட வந்து குறை சொன்னதில்ல."

"ஐயா, முப்பது நாப்பது தவளையாவது வெளிய எடுத்தாகணும். விட்டா இந்த வருஷத்தோட முடிஞ்சிரும்."

"விதி பன்னிரண்டு படிச்சிருக்கீங்களா? தவளையைக் காட்டை விட்டு எடுக்கக் கூடாது. எடுத்தா ரெண்டு வருஷம் உள்ள. காட்டுக்குள்ளயே சாகக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு, காட்டுங்க. அது சாகறது சட்டப்படி சாகுது. நீங்க காப்பாத்தறதுதான் சட்டவிரோதம். நான் சட்டத்தோட ஆளு."

பிறகு அவர் பெலார்மினோ பக்கம் திரும்பி, குரலில் தேனைக் குழைத்தார். "பெரியவரே, நீங்க மலையில பொறந்தவரு. நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க. எல்லா ஓடையிலயுமா நோய்? நல்லா இருக்கற ஓடையே இல்லியா?"

பெலார்மினோவுக்கு அறுபத்தொரு வயது. அதிகாரி நேராகக் கேட்ட கேள்விக்கு அவர் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. யாரிசேல் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு, அவள் தெரியாமல் மிதித்துவிட்டாள் என்று நினைத்து, "கோச்சா ஓடை நல்லாத்தானுங்க இருக்கு" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணல், வாய் பெலார்மினோவுடையது.

"பாத்தீங்களா!" இயக்குநர் மேசையைத் தட்டினார். "அந்த ஓடைக்கு முழுப் பாதுகாப்பு! தவளை வாரத்தை அங்கேயே தொடங்கிடுவோம்."

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை முழுப் பாதுகாப்பு வந்தது. நாற்பத்தோரு பேர். இயக்குநர், இரண்டு துணை இயக்குநர்கள், மாகாண அழகி, பத்திரிகைக்காரர்கள், மேளக்காரர்கள், துணித் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தவளை வேஷக்காரன். முந்தின நாள் அவர்கள் மேற்கு மலையில் இதே மாதிரி இன்னொரு விழா நடத்தியிருந்தார்கள். அங்கே தவளைகள் போன வருஷமே தீர்ந்துபோயிருந்தன. அந்த விழா அவற்றின் நினைவாக. பூட்ஸ்களில் அந்த மலையின் செம்மண் அப்படியே ஒட்டியிருந்தது.

ஒற்றையடிப் பாதை தொடங்குகிற இடத்தில் யாரிசேல் இரண்டு வாளிகளில் ப்ளீச் கலந்த தண்ணீரும் ஒரு பிரஷும் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பெலார்மினோ, கழுவின பூட்ஸோடு.

"ஐயா, ஒரு நிமிஷம். காலை இதுல முக்கிட்டுப் போங்க. அவ்வளவுதான்."

"இந்த பூட்ஸ் அரசாங்கச் சொத்து" என்றார் இயக்குநர். "ப்ளீச்சுல வெளுத்துப் போச்சுன்னா தணிக்கைக்காரனுக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"நான் தொடச்சு விடறேனுங்க" என்று பெலார்மினோ சட்டென்று மண்டியிட்டார். அறுபத்தொரு வயது மனிதர், பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு, இயக்குநரின் காலடியில். இயக்குநர் நெகிழ்ந்து போனார். பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டு, "எடு, எடு, மக்கள் நம்ம மேல வச்சிருக்கற பாசத்தைப் பாரு" என்றார். படம் எடுத்து முடிந்ததும் காலை உருவிக்கொண்டு நடந்தார். மாகாண அழகி மட்டும் நின்று, ஹை ஹீல்ஸைக் கழற்றி, இரண்டு கால்களையும் வாளியில் முக்கிவிட்டுப் போனாள். மற்ற நாற்பது பேரும் அப்படியே போனார்கள்.

ஓடையின் நடுவில் இறங்கி நின்று ஒரு பலகை நட்டார்கள். மேற்கு மலையில் குழி வெட்டிய அதே கடப்பாரைதான் இங்கேயும் வெட்டியது. பலகையில் எழுதியிருந்தது:

'பாதுகாக்கப்பட்ட பகுதி. நோய்கள் உள்ளே வரக் கூடாது. மீறினால் விதி 12-இன்படி தண்டிக்கப்படும்.'

இயக்குநர் பேசினார். "இந்தப் பூஞ்சைக்கு நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். நீ எந்த நாட்டுலேருந்து வேணா வா. ஆனா எங்க அனுமதி இல்லாம உள்ள வர முடியாது. அனுமதி வாங்கறது எவ்வளவு கஷ்டம்னு இந்த நாட்டு மக்களைக் கேட்டுப் பாரு!"

எல்லாரும் கைதட்டினார்கள். மேளம் முழங்கியது. கல்லின் மேல் இருந்த தவளைகள் ஒவ்வொன்றாகக் கையைத் தூக்கின. தங்களுக்குத்தான் வணக்கம் சொல்கின்றன என்று துணை இயக்குநர்கள் திரும்பி வணக்கம் சொன்னார்கள். பெலார்மினோவுக்குத் தெரியும், இது என் இடம், தள்ளிப் போ என்பதற்கும் அதே கைதான்.

அன்றைக்கு வீட்டில் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

"நான்தான் காட்டிக் குடுத்தேன் தெயா. நெஞ்சுல கை வைக்கச் சொன்னான். வச்சேன்."

"உன் நெஞ்சைக் குப்பையில போடு" என்றாள் தெயானிரா. கோழிக் குழம்புக் கிண்ணத்தை அவர் முன்னால் தள்ளினாள். "டாக்டரம்மா என்ன சொல்றா?"

"உடனே எடுத்தா இன்னும் காப்பாத்தலாமாம். ரெண்டு மாசம் போனா ஒண்ணும் மிஞ்சாதுங்கறா. எடுத்தா ரெண்டு வருஷம் ஜெயிலு."

"எங்க அக்கா பூக்கடையை மூடிட்டு சும்மாதானே வச்சிருக்கா? பூ வாடாம இருக்கற குளிர் ரூமு அப்படியே இருக்கு. நீ இப்போ சாப்பிடு. ஜெயில்ல கோழி போட மாட்டான்."

ஞாயிறும் திங்களும் மூன்று பேரும் கையுறை போட்டுக்கொண்டு கோச்சா ஓடையில் இறங்கினார்கள். அந்தத் தவளையின் தோலில் விஷம் உண்டு. முப்பத்திரண்டு கிடைத்தன. நெஞ்சளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும்போது பெலார்மினோ ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டார். தெயானிரா முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. ஈரப் பாசி பரப்பிய பிளாஸ்டிக் டப்பாக்களில் தனித்தனியாக வைத்து, ஐஸ் கட்டிப் பெட்டியில் அடுக்கி, செவ்வாய்க்கிழமை காலைப் பஸ்ஸில் பெலார்மினோவும் யாரிசேலும் ஏறினார்கள்.

கீழே நெடுஞ்சாலையில் பஸ் நின்றது. ஆணையத்தின் சோதனைச் சாவடி. தவளை வாரத்தில் அனுமதி இல்லாத தவளை பொம்மைகள் விற்காமல் தடுப்பதற்காகப் போட்டது. கனத்த உடம்புக்காரப் பரிசோதகர் ஒருவர் மூச்சு வாங்கப் பஸ்ஸில் ஏறினார். நேராக ஐஸ் பெட்டி முன்னால் வந்து நின்றார்.

"இதுல என்ன பெரியவரே?"

பெலார்மினோவின் வாயில் பொய் வரவில்லை. வரவழைக்கப் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

"தவளைங்கய்யா."

யாரிசேல் கண்ணை மூடிக்கொண்டாள்.

பரிசோதகர் மூடியைத் திறந்தார். குளிரில் விறைத்து, பளபளவென்று, கறுப்புப் புள்ளியோடு முப்பத்திரண்டு தங்கத் தவளைகள் ஆடாமல் அசையாமல் அவரைப் பார்த்தன. அவர் ஆணையத்தில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறவர்.

"தவளைன்னு எனக்குத் தெரியாதா? மண்ணா, மரமா?"

பரிசோதகர் ஒரு டப்பாவை விரலால் சுண்டினார்.

"மண்ணு" என்றாள் யாரிசேல், கண்ணைத் திறக்காமலே.

"ம். வேலை பரவாயில்ல." ஒரு டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஆனா புள்ளி சரியா இல்ல. நெஜத் தவளைக்கு இவ்வளவு புள்ளி கெடையாது. எங்க ஆபீஸ் போஸ்டரைப் பாத்துப் போட்டிருக்கலாமில்ல?" விரலை உள்ளே விட்டார்.

"தொடாதீங்க!" என்று கத்தினாள் அவள். "பெயிண்ட் காயல."

அவர் விரலை இழுத்துக்கொண்டார். டப்பாவுக்குள் இருந்த தவளையின் தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. பரிசோதகர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"மூச்சு விடற மாதிரியே இருக்கே!"

"ஆமாங்க" என்றார் பெலார்மினோ உண்மையாக.

"இவ்வளவு தெறமை இருந்து என்ன பிரயோஜனம்? லைசென்ஸ் வச்சிருக்கியா? இல்ல. எங்க சின்னத்தை எவன் வேணா செஞ்சு விக்கலாம்னு நெனச்சா ஆணையம் எதுக்கு இருக்கு?" அவர் உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்பினார். பெலார்மினோ ஒவாயே, கைவினைஞர், அல்தோ பெர்தீஸ். முப்பத்திரண்டு மண் தவளைகள். தற்காலிக உரிமம். நாக்கால் நனைத்து ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு வில்லையை ஒட்டினார்: 'உயிரற்றது. ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றது.' இறங்கும்போது பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு காகிதக் கொடி கொடுத்தார்.

அடுத்த வளைவு தாண்டியதும் பெலார்மினோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார்.

பூக்கடைக் குளிர் அறையில் பத்து நாள் தினமும் ஐந்து நிமிஷம் மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். மனிதர்களுக்குக் கால் நகத்தில் வருகிற பூஞ்சைக்குக் கொடுக்கும் மருந்துதான். அத்தனை மருந்தை வாங்கப் போன தெயானிராவிடம் மருந்துக் கடைக்காரர், "எத்தனை கால் உங்க வீட்டுல?" என்று கேட்டாராம். "நூத்தி இருபத்தெட்டு" என்று அவள் சொல்லிவிட்டு வந்தாள். அப்படியும் மூன்று தவளைகள் செத்தன; இருபத்தொன்பது மிஞ்சின. பெலார்மினோ செத்தவற்றைப் பூந்தொட்டியில் புதைத்தார். இந்த முறை யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

அக்டோபரில் கோச்சா ஓடையில் முதல் தவளை பட்டப்பகலில் காலை மடக்கி உட்கார்ந்தது. பலகையின் நிழலில். டிசம்பருக்குள் இரண்டு ஓடையிலும் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. பெலார்மினோ சல்லடையை அள்ளும்போது இலைகள் மட்டும் வந்தன. நல்ல சுத்தமான இலைகள்.

ஆணையத்தின் ஆண்டு அறிக்கை ஜனவரியில் வந்தது. 'இந்த ஆண்டு நோயுற்ற தவளைகள்: இல்லை. தவளைக்கு எதிரான குற்றங்கள்: இரண்டு. குற்றவாளிகள் இருவரும் வகுப்பு முடித்துத் திருந்தினர். ஆண்டின் கடைசி மாதத்தில் காட்டில் எந்தத் தவளைக்கும் எந்தத் துன்பமும் நேரவில்லை.' கடைசி வாக்கியம் எழுத்துக்கு எழுத்து உண்மை. இயக்குநருக்குப் பதக்கம் குத்தி, தேசியக் கழுகைப் பாதுகாக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். செய்தியைப் படித்த தெயானிரா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, "பறந்துரு ராசா, பறந்துரு" என்றாள்.

மார்ச்சில் கண்ணாடித் தொட்டியின் அடிக்கல்லில் வெள்ளைச் சரமாக முட்டைகள் தெரிந்தன. யாரிசேல் போன் பண்ணி அழுதாள். அடுத்த வாரம் சனிக்கிழமை பெலார்மினோ போய்ப் பார்த்தபோது, அரிசி மணி அளவு கறுப்புக் குஞ்சுகள் கல்லைக் கவ்விக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. அவர் வெகுநேரம் குந்தி உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போய்த் தெயானிராதான் தூக்கிவிட வேண்டியிருந்தது.

அந்த வாரமே ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. தற்காலிக உரிமம் முடிகிறது, நிரந்தர உரிமத்துக்கு விண்ணப்பிக்கவும். நான்கு பக்கப் படிவம். பெலார்மினோ மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சமையல் மேசையில் உட்கார்ந்தார்.

"கிழிச்சுப் போடு" என்றாள் தெயானிரா.

"அப்புறம் சோதனைக்கு வருவான். கேட்டதுக்கு உள்ளதை எழுதிட்டா தீந்துச்சு."

பொருளின் பெயர்: தவளை. உற்பத்தி செய்யும் இடம்: குளிர் அறை. இயந்திரம் பயன்படுகிறதா: இல்லை, எல்லாம் இயற்கை முறை. அவர் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது.

"என்ன?"

"இந்தப் பொருளைத் தயாரிக்கற தொழிலாளிங்க எத்தனை பேருன்னு கேக்கறான். ஆணு தனியா, பொண்ணு தனியா."

தெயானிரா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு மறுபடி தேய்த்துக்கொண்டே, "உள்ளதை எழுது" என்றாள்.

அவர் எழுதினார். ஆண்: பதினேழு. பெண்: பன்னிரண்டு.